மங்கும் மதுக் கிண்ணமும்

மதுவைப் பற்றி நம்மவரிடையே எழுதுவோர் இரு திறத்தார். மது குடியைக் கெடுக்கும் என்று ஓதி முடிப்போர் ஒரு திறத்தார். உலகம் மாறிவிட்டது, நாகரிகமாகக் குடித்தால் குற்றம் என்ன என்று கேட்போர் மற்றொரு திறத்தார். இவ்விரு திறத்தாரும் கிண்ணத்துக்குள் இருப்பதையே நோக்குகின்றனர். கிண்ணத்தையும், அது வைக்கப்பட்ட மேசையையும், மேசைக்குப் பின்னாலுள்ள சுவரையும் நோக்குவார் இல்லை. நாம் இன்று பேசப் புகுந்தது அச்சுவரைப் பற்றியே. குடிக்கலாமா, கூடாதா என்பது வேறு வழக்கு. அதனை மற்றொரு நாள் வைத்துக்கொள்வோம். நம் பாட்டன் பாட்டியர் முதுகொடிய உழைத்த இடத்தைக் கேளிக்கைக் கூடத்தின் அலங்காரமாக்கி, அவர்களை மட்டும் அதிலிருந்து வெளியே தள்ளிவிடலாமா என்பதே நாம் தொடுக்கும் வழக்கு.

இக்காலத்து நகரங்களில் சிறு மதுச்சாலைகள் பெருகி வருகின்றன. ஜோகூர் பாருவும் இதற்கு விலக்கன்று. இருபது முப்பது பேர் நெருக்கி உட்காரக்கூடிய இச்சாலைகள் வெறும் மதுவை விற்பதில்லை. மதுவோடு ஒரு வேடத்தையும் சேர்த்து விற்கின்றன. ஒன்று பழைய மருந்துக்கடை போல வேடம் பூணும். ஒன்று முடிதிருத்தும் நிலையம் போல வாயிலை வைத்துக்கொள்ளும். இன்னொன்றில் புத்தக அலமாரியைத் தள்ளினால் கதவு திறக்கும். இந்த ஒளிவுக் கதவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்க நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்தது. அப்போது போலீசின் கண்ணில் படாமல் குடிப்பதற்காக அமைந்த கள்ளத்தனமான கூடங்களே இவற்றின் மூதாதை. அன்று பயத்தினால் வைத்த கதவை இன்று வேடிக்கைக்காக வைக்கிறார்கள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. தம் நாட்டுக் குடியர்களின் தந்திரத்தைக் கண்டு அமெரிக்கர் சிரிக்கட்டும். நாமும் கூடச் சிரிப்போம்.

ஆனால் வேடம் நம்முடையதாகும்போது விஷயம் வேறாகிறது.

ஜோகூர் பாருவில் இரவு நேரத்தில் இளைஞர் கூட்டம் மொய்க்கும் பகுதிகளுள் ஒன்று மவுண்ட் ஆஸ்டின். உணவுக்கடைகளும் காப்பிக்கடைகளும் மதுச்சாலைகளும் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. மவுண்ட் ஆஸ்டின் என்பது முன்னாளில் ஒரு பெரிய இரப்பர்த் தோட்டத்தின் பெயர் என்பதை அங்கே உலாவுவோரில் எத்தனை பேர் அறிவர்? மரம் போயிற்று; லயம் போயிற்று; பெரட்டுக் களம் போயிற்று. துரை வைத்த பெயர் மட்டும் நிலைத்து நின்று, வீட்டு விலையை ஏற்றுவதற்கு உதவுகிறது.

இத்தகைய சிறு மதுச்சாலை ஒன்றிற்கு நண்பர் சிலர் அழைக்க நாமும் ஓரிரவு சென்றோம். அதன் பெயர் இங்கு வேண்டா. நம் வழக்கு ஒரு கடைக்காரரோடு அன்று. அச்சாலை பூண்ட வேடம் "பழைய மலாயாத் தோட்டம்". தகரக் கூரை, பிரம்பு நாற்காலி, மங்கலான அரிக்கன் விளக்கு, சுவரில் தொப்பியணிந்த துரையின் படம், அதன் பக்கத்தில் ஆணியில் மாட்டிய பால்வெட்டுக் கத்தி. கலப்பு மது வந்தது. அது வந்த பாத்திரம் கண்ணாடிக் கிண்ணமன்று, மங்கு. ஆம், மரத்தின் வெட்டுவாய்க்குக் கீழே கம்பியில் தொங்கவிட்டுப் பால் பிடிக்கும் அதே மங்கு.

கொண்டுவந்து வைத்தவன் தமிழ் இளைஞன். கூலாய்ப் பக்கம் என்றான். "தம்பி, இது என்ன தெரியுமா?" என்று எம் நண்பரில் ஒருவர் கேட்டார். "முதலாளி பழைய சாமான் கடையில் வாங்கினாருண்ணே. பூந்தொட்டின்னு நினைக்கிறேன்" என்றான் அவன். நண்பர் சற்று நேரம் அந்த மங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு, "பள்ளிக்கூட லீவு முழுக்க அம்மாவுக்கு மங்கு துடைச்சிருக்கேன் தம்பி. ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம்" என்றார். இளைஞன் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனான். அவன்மேல் குற்றமில்லை. அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கத்தியைச் சுவரில் மாட்டியவர்களுக்குத் துரையின் படம் கிடைத்தது. அந்தக் கத்தியைப் பிடித்தவளின் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதுவே நம் குற்றச்சாட்டு.

இது ஏதோ ஒரு சிறு கடைக்காரரின் கற்பனைக் குறைவு என்று கருதுவோர் பாலங்கடந்து சிங்கப்பூருக்குச் செல்லட்டும். 1887இல் சார்க்கீஸ் சகோதரர் நிறுவிய ராஃபிள்ஸ் ஹோட்டலில் "லாங் பார்" என்னும் பெயர்பெற்ற மதுச்சாலை இருக்கிறது. உலகப் பிரயாணிகள் அங்கே வரிசையில் காத்து நிற்கிறார்கள். அதன் அலங்காரம் 1920களின் மலாயாத் தோட்ட வாழ்க்கையைத் தழுவியது. ஓலை விசிறிகள் மேலே அசைகின்றன. நிலக்கடலைத் தொலியைத் தரையில் எறியலாம் என்பது அங்குள்ள சம்பிரதாயம். அங்கே விற்கும் செந்நிற மதுவாகிய "சிங்கப்பூர் ஸ்லிங்" ஒரு கிண்ணத்தின் விலை முப்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். மலேசியாவில் 2025ஆம் ஆண்டு முதல் அமலிலுள்ள குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆகவே தோட்டத் தொழிலாளி ஒருவன் தன் தோட்டத்தைப் போலவே அமைந்த அக்கூடத்தில் ஒரு கிண்ணம் அருந்த வேண்டுமானால், அவனுடைய நாட்கூலி முழுவதையும் கொடுத்தாலும் போதாது.

சிங்கப்பூர் நகரத்துக் கடற்கரைச் சாலையில் யாரும் பால் வெட்டவில்லை. இன்றைய லாங் பார் பழைய இடத்தில் உள்ளதுமன்று. 1991இல் முடிந்த புதுப்பிப்பின்போது இடம் மாறி அமைந்தது. ஆதலால் தோட்டம் என்னும் வேடம் தானாக வந்ததன்று, தேர்ந்தெடுத்து அணிந்தது. அவ்வேடத்தில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஸ்லிங்கை முதன்முதலில் கலந்தவர் நியாம் தோங் பூன் என்னும் ஹைனான் சீனர் என்றும், ஆண்டு 1915 என்றும் அவ்விடுதியார் கூறுகின்றனர். மேசைக்குப் பின்னால் நின்ற ஓர் ஊழியரின் பெயரை நூறாண்டுக்குமேல் போற்றிவருவது பாராட்டத்தக்கதே. நாம் கேட்பதெல்லாம் அதே நீதியைத்தான். மது கலந்தவருக்குப் பெயர் உண்டு. மது குடித்த துரைக்குப் படம் உண்டு. அந்த மதுவுக்கு விலை கொடுத்த பணத்தை மரத்திலிருந்து இறக்கியவளுக்கு என்ன உண்டு?

1920கள் என்று பெருமையோடு சொல்கிறார்களே, அப்பத்தாண்டின் கணக்கைச் சற்று புரட்டிப் பார்ப்போம். அதன் இறுதியில், 1928 வாக்கில், போக்குவரத்து எளிதான பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு அரசாங்கத்தார் வகுத்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த மந்தகாலத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. விடியுமுன் பெரட்டு; இருட்டில் காடு; வெயில் ஏறுமுன் வெட்டு; பின்பு பால் எடுத்துக் காண்டாவில் சுமந்து ஸ்டோருக்கு நடை; அங்கே நிறுவை. மரத்துக்கு வயதேறினால் மறுநடவு. மனிதனுக்கு வயதேறினால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல். தோட்ட வாழ்க்கை என்றால் இதுதான். துரை பங்களாவின் விறாந்தையும் கிளப்பின் பிரம்பு நாற்காலியும் அவ்வாழ்க்கையின் மேலே படர்ந்த ஆடை, அதுவே உடலன்று.

ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர்களுக்குச் சாமர்செட் மாம் என்னும் கதாசிரியரைத் தெரிந்திருக்கும். 1920களில் இப்பிரதேசங்களில் சுற்றி, மலாயாத் துரைமாரைப் பற்றிக் கதைகள் எழுதி உலகப் புகழ் பெற்றவர். அவர் எழுத்தின் திறமையை மறுப்பாரில்லை. ஆயினும் அக்கதைகளின் உள்ளம் துரை வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறது, லயத்தில் அன்று. இன்றைய மதுச்சாலைகள் அவ்விறாந்தையையே தோட்டம் என்று நம்பிக் கட்டப்பட்டவை. நம் பிள்ளைகளும் அதையே தோட்டம் என்று நம்பத் தலைப்பட்டால் அதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

இனி, மறைக்கப்பட்டவற்றுள் முதன்மையானதைச் சொல்வோம். தோட்டத்தை மதுச்சாலைக்கு வேடமாக்குபவர்கள், தோட்டத்தில் உண்மையாகவே இருந்த மதுச்சாலையை மறந்துவிட்டார்கள். அதுதான் கள்ளுக்கடை.

துரைக்குக் கிளப்பு, தொழிலாளிக்குக் கள்ளுக்கடை. இரண்டும் ஒரே தோட்டத்தின் இரு கைகள். மரத்தை வெட்டிப் பால் எடுத்தவன், மரத்தைச் சீவி இறக்கிய கள்ளிலே தன் கூலியைத் தொலைத்தான். சம்பள நாளில் ஒரு வாயிலில் பெற்ற காசு மறு வாயிலில் போய்ச் சேர்ந்தது. வேறு பொழுதுபோக்கும் படிப்பும் போக்கிடமும் இல்லாத இடத்தில் கள்ளுக்கடையைத் திறந்து வைத்துவிட்டு, "இவர்கள் குடிகாரர்கள்" என்று கையேடுகளில் எழுதி வைத்தார்கள். குடித்தவன் அடித்தான், அடிபட்டவள் மறுநாள் விடியுமுன் பெரட்டில் நின்றாள்.

இதைக் கண்டு நம் மக்கள் வாளாவிருக்கவில்லை என்பதுதான் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அவ்வியக்கத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. பெண்களின் மானத்துக்குக் காப்பு இருந்தது. அவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. இன்னொரு கோரிக்கையும் உண்டு: துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

யுத்தம் முடிந்தபின் கெடா மாநிலத்தில், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அப்படையினர் கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்தனர். 1947இல் போலீசாரோடு நேர்ந்த மோதல்களில் உயிர்களும் போயின. கள்ளை நிறுத்தக் கேட்டதற்கா துப்பாக்கி என்று சிலர் வியக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. குடிக்காத தொழிலாளி கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்பவன் சங்கம் சேர்ப்பான். அதைத் தோட்ட முதலாளிகள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆகவே நம் தோட்டத்தின் சரித்திரத்தில் மது என்பது உல்லாசத்தின் பெயரன்று, போராட்டத்தின் பெயர். அச்சரித்திரத்தைத் துடைத்துவிட்டு, அதே தோட்டத்தை மது விற்கும் வேடமாக அணிவது எப்படிப்பட்டது என்று நடுநிலையாளர் முடிவு செய்யட்டும்.

இதற்கு மறுப்புரைப்போர் சொல்வனவற்றையும் கேட்போம்.

"இது வெறும் வேடிக்கை; வேடிக்கையில் சரித்திரம் தேடலாமா?" என்பர் சிலர். வேடிக்கையில் சரித்திரத்தைப் புகுத்தியவர்கள் நாமல்லோம். ஆண்டைக் குறித்து, கத்தியை மாட்டி, மங்கை மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பாதிச் சரித்திரத்தைக் கொண்டுவந்தவரிடம் மறுபாதி எங்கே என்று கேட்பது எவ்வாறு குற்றமாகும்?

"கள் நம்முடைய பானமே, யார் வாயிலும் ஒருவரும் ஊற்றவில்லையே" என்பர் வேறு சிலர். ஊரில் பனையடியில் குடித்தவனுக்கு வேறு நூறு போக்கிடம் இருந்தது. கண்டிக்க மூத்தோர் இருந்தனர். திரும்பிப்போக நிலமோ குடிசையோ இருந்தது. தோட்டத்தில் அவனுக்கு இருந்தது லயமும் கள்ளுக்கடையும். வேறு வழியே இல்லாத இடத்தில் திறந்து வைத்த ஒரே கதவை, அவன் விரும்பித் தேர்ந்த கதவு என்று சொல்வது நேர்மையன்று.

"பழையன போகட்டும், தோட்டக் காலம் முடிந்தது, முன்னே பாருங்கள்" என்பர் மூன்றாமவர். இதுவே இம்மூன்றில் மிகத் தவறானது. ஒரு காலம் முடிந்துபோனால்தான் அது வேடமாகும். தோட்டம் முடிந்துவிட்டதா? நாம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைப்பவர். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அவ்வளவே. முன்பு முனியாண்டியும் அஞ்சலையும் இருந்த பத்திகளில் இன்று இந்தோனேசியர், வங்காளதேசத்தார் பெயர்களை எழுதுகிறோம். 2020இல் மலேசியாவின் இரு பெரிய செம்பனை நிறுவனங்களின் சரக்கை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உண்டு என்று கூறி அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்தியது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெதனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் பிற நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர். பெயர்கள் மாறின, நாடுகள் மாறின. ஒரு பக்கம் ஓலை விசிறியின் கீழ் செந்நிற மது, மறு பக்கம் கண்ணைக் குருடாக்கி உயிரைக் குடிக்கும் சம்சு என்னும் ஏற்பாடு மட்டும் மாறவில்லை. இதனைப் பழங்கதை என்று சொல்பவர் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை என்றே சொல்வோம்.

பிறரைக் குறை கூறி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. நம்மவரிடத்திலும் கேட்க வேண்டியது உண்டு. துரை போய் அறுபது எழுபது ஆண்டுகள் ஆயின, துரைத்தனம் போகவில்லை. உத்தியோகம் சற்று உயர்ந்தவுடன் தொழிலாளி வீட்டுக் கள்ளை இகழ்ந்துகொண்டே, கலியாண வீட்டின் பின்கட்டில் சீமைச் சரக்குப் புட்டிகளை அடுக்குவதைக் கௌரவம் என்று நினைக்கும் கூட்டம் ஒன்று நம்மிடையே உண்டு. கள் குடித்தால் கூலி, விஸ்கி குடித்தால் கனவான் என்னும் இந்தப் பேதத்தை நமக்குக் கற்பித்தவர் யார்? கிளப்பையும் கள்ளுக்கடையையும் தனித்தனியே வைத்தவரே. அவர் வைத்த படிக்கட்டில் ஒரு படி ஏறிவிட்டோம் என்று மகிழ்வது சீர்திருத்தமாகாது. 1941இல் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவனின் பேரன், இன்று துரையின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்வதற்குப் பணம் கொடுக்கிறான் என்றால், யார் யாரை வென்றார் என்று சிந்திக்க வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று.

முதலாவது, தோட்டத்தை வேடமாக அணியும் மதுச்சாலையாருக்கு. வேடத்தைக் களையுங்கள் என்று சொல்லவில்லை. முழுமையாக அணியுங்கள் என்கிறோம். 1920களின் துரையைச் சுவரில் வைத்தால், அவருக்குப் பக்கத்தில் அன்றைய கூலியை எழுதி வையுங்கள்: ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மங்கில் மது ஊற்றினால், மங்கு என்பது யாது என்று பணியாளருக்குச் சொல்லிக்கொடுங்கள். கள்ளுக்கடையையும் அதன் வாயிலில் மறியல் செய்தவர்களையும் ஒரு படத்திலேனும் காட்டுங்கள். அதனால் வியாபாரம் கெடும் என்று அஞ்சினால், உங்கள் வியாபாரம் எதை மறைத்து நடக்கிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

இரண்டாவது, அவ்விடங்களுக்குச் செல்லும் நம் இளைஞருக்கு. போகாதீர்கள் என்று தடுக்கும் அதிகாரம் நமக்கில்லை. போகுமுன் ஒரு முறை உங்கள் பாட்டியிடம் போங்கள். எந்தத் தோட்டம், எந்த நம்பர் பெரட்டு, எத்தனை மரம், ஆயாக் கொட்டகையில் யாரை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனாள் என்று கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சுவரைப் பாருங்கள். அதில் என்ன இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, நம் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும். கூலாய், லாயாங் லாயாங், குளுவாங், சிகாமட் என்று ஜோகூர் முழுவதும் தோட்டங்கள் வீட்டு மனைகளாகிக்கொண்டு வருகின்றன. கத்தியும் மங்கும் காண்டா வாளியும் செக்ரோல் புத்தகமும் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அங்கிருந்து மதுச்சாலைக்குப் போகின்றன. பள்ளியில் ஓர் அலமாரி, ஆலய மண்டபத்தில் ஒரு மூலை போதும். அவற்றை நாமே வாங்கி, பெயரும் ஊரும் எழுதி வைத்தால், நம் பிள்ளைகள் தோட்டத்தை முதன்முதலாக மதுச்சாலையில் சந்திக்க நேராது.

1950களில் பால் வெட்டத் தொடங்கிய பெண்டிர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களைக் கேட்க நமக்குள்ள காலம் நீண்டதன்று. கேட்காமல் விட்டால் அவர்களுடைய சரித்திரத்தைப் பிறர் எழுதுவார்கள். விலைப்பட்டியலின் முன்பக்கத்தில் நாலு வரியாக எழுதுவார்கள். அந்த நாலு வரியில் நம் பெயர் இராது. தோழர்களே, காலம் இருக்கும்போதே கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள்.